முழங்கால் உயரத்தில் முடிவாகும் காடு

தீ வைத்தாலும் காடு மாறுகிறது. தீயே அண்டாமல் காத்தாலும் மாறுகிறது. முதுமலையிலிருந்து பிலிகிரிரங்கன் மலை வரை, மரங்களுக்குக் கீழே சத்தமில்லாமல் நடக்கும் மாற்றம் பற்றிய சிறப்புக் கட்டுரை.

பிப்ரவரி பிறந்துவிட்டால் முதுமலையில் தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு செல்லும் சாலையின் இருபுறமும் காடு ஆளே மாறிவிடும். தேக்கு இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வெண்தேக்கின் வெளிறிய அடிமரங்கள் தொலைவிலிருந்தே கண்ணில் படும். தரையில் கணுக்கால் புதையச் சருகு, அதற்கு மேல் காய்ந்த புல். அன்றிலிருந்து கோடைமழை இறங்கும்வரை வனப் பணியாளர்களுக்கு நிம்மதியான உறக்கம் கிடையாது. தீத்தடுப்புக் கோடுகளில் சருகைக் கூட்டித் தள்ளுவதும், கண்காணிப்புக் கோபுரத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பதும், செயற்கைக்கோள் எச்சரிக்கை வந்த இடத்துக்குப் பச்சைக் கிளையோடு ஓடுவதுமாக நாட்கள் போகும்.

எங்காவது எரிந்துவிட்டால் அது செய்தி. எத்தனை ஏக்கர், யார் வைத்தது, எப்போது அணைந்தது என்று எழுதுவோம். மழை பெய்ததும் அந்த இடம் பச்சையாகிவிடும், நாமும் மறந்துவிடுவோம். அந்தப் பச்சை எதனுடையது? புல்லா, நெல்லிக் கன்றா, தேக்கின் துளிரா, உண்ணிச்செடியா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால், காட்டின் எதிர்காலம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மரங்கள் நம் பாட்டன் காலத்தில் முளைத்தவை. அவை பிழைத்து வந்ததைத்தான் நாம் காடு என்கிறோம். அடுத்த நூறாண்டின் காடு, இப்போது முழங்கால் உயரத்தில் நின்று மாட்டின் வாய்க்கும் யானையின் காலுக்கும் தீயின் நாக்குக்கும் தப்பிப் பிழைக்கப் பார்க்கிறது. அந்த உயரத்தில் தீ எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, யார் கையால் வருகிறது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. தீ வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்கும் நம் விவாதம் இந்த மூன்றையும் தவறவிடுகிறது.

ஐம்பது ஹெக்டேர் கணக்கு

முதுமலைக்குள் ஒரு 50 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், பேராசிரியர் ராமன் சுகுமாரின் தலைமையில் 1988-ல் அதை ஆய்வுக்களமாக வகுத்தது. ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்தார்கள். முதல் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 தண்டுகள், 70-க்கு மேற்பட்ட இனங்கள். அன்று முதல் எது செத்தது, எது புதிதாக முளைத்தது, எது எரிந்தும் துளிர்த்தது என்று தொடர்ந்து பதிவாகிறது. இந்தியாவில் இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கப்பட்ட காடு வேறு எதுவும் இருப்பது அரிது.

முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் கணக்கு கவலை தந்தது. தண்டுகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. வெட்டுக்கத்தி எதுவும் அங்கே போகவில்லை. யானைகள் தங்களுக்குப் பிடித்த இனங்களின் பட்டையை உரித்தும் கிளையை முறித்தும் தின்றன. 1990-களில் அடுத்தடுத்து வந்த தீ மீதியைப் பார்த்துக்கொண்டது. எரிந்து மடிந்தவற்றில் பெரும்பாலானவை சிறுதண்டுகள். பருத்த மரங்கள் கரியைப் பூசிக்கொண்டு அப்படியே நின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு அதே காடாகத்தான் தெரிந்திருக்கும்.

2002-க்குப் பிறகு தீ இல்லாத ஆண்டுகள் வாய்த்தபோது கணக்கு திரும்பியது. தரைக்கடியில் உயிரோடு இருந்த வேர்களிலிருந்து துளிர்கள் எழும்பின. அவற்றில் பல, தீயின் எட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டன. காட்டுக்கு மீளும் வலு இருக்கிறது. அதற்கு இரண்டு தீக்கு நடுவே போதிய அவகாசம் வேண்டும்.

அந்த அவகாசம்தான் சுருங்கிவிட்டது. நரேந்திரன் கோதண்டபாணியும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1909 முதல் 1921 வரையான காலத்தில் முதுமலையில் ஓரிடம் எரிந்து மறுபடி எரியச் சராசரியாக 10 ஆண்டுகள் ஆயின. 1989 முதல் 2002 வரையான காலத்தில் அது 3.3 ஆண்டாகக் குறைந்துவிட்டது. தீயைத் தடுக்கும் சட்டமும் காவலும் வலுவடைந்த அதே நூற்றாண்டில்தான் தீயின் வருகை மூன்று மடங்கானது.

வேரில் காத்திருக்கும் கன்று

ஒரு தேக்குக் கன்றை அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். மழைக்காலத்தில் முளைத்து இரண்டு, நான்கு பெரிய இலைகளை விரிக்கும். கோடையில் தீ வந்தால் மேலே உள்ளது மொத்தமும் கருகிப்போகும். தரைக்கடியில் கிழங்குபோல் தடித்த வேர் மட்டும் பிழைத்திருக்கும். அடுத்த மழைக்கு அதிலிருந்து புதுத் தண்டு; அடுத்த கோடைக்கு அதுவும் கரி. இப்படியே ஆண்டுகள் ஓடும். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் கன்றுக்கு வயது என்ன என்று தண்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேரைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தொடர்ந்து சில ஆண்டுகள் தீ வராமல் போனால் வேரில் சேர்ந்திருந்த சத்தையெல்லாம் ஒரே மூச்சில் செலவழித்து ஆளுயரத்துக்கு எழும்பும். பட்டை தடித்துவிட்டால் பிறகு தரைத்தீ அதை ஒன்றும் செய்யாது.

கருமருது முதலைத்தோல் போன்ற பட்டையைப் போர்த்திக்கொண்டிருப்பதும், வலம்புரிப் புதர் எரிந்த இடத்திலிருந்தே கொத்துக்கொத்தாகத் தளிர்விடுவதும் இதே கதையின் வேறு அத்தியாயங்கள். தென்னிந்தியாவின் உலர் இலையுதிர் காடுகள் தீயோடு பழகியவை. தடித்த ஓட்டுக்குள் இருக்கும் தேக்கு விதைக்கு வெயிலும் சூடும் பட்டால் முளைப்பு கூடும் என்பது நாற்றங்கால் வேலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

தீ என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, எல்லாத் தீயும் ஒன்றல்ல. தை மாதத்தில் புல்லின் அடிப்பாகம் இன்னும் ஈரமாக இருக்கும். இரவில் பனி இறங்கும். அப்போது வைத்த நெருப்பு சருகை மேய்ந்தபடி மெல்ல நகரும், ஓடைப் பள்ளத்தில் நின்றுவிடும், பொழுது சாய்ந்ததும் தானே அவியும். அது போன வழியில் எரிந்த திட்டும் எரியாத திட்டும் கலந்து கிடக்கும். பங்குனி, சித்திரையில் வரும் தீ வேறு ஜாதி. காய்ந்த புல்லும் காய்ந்த புதரும் சேர்ந்து எரியும்போது சுடர் மரக்கிளையைத் தொடும். எரியாத திட்டு என்று எதுவும் மிஞ்சாது. கன்றும் விதையும் அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த தடை

இந்த வேறுபாட்டைக் காட்டில் வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அரசாங்கம் அறிந்துகொள்ளக் காலம் பிடித்தது. 1860-களில் டீட்ரிச் பிராண்டிஸ் இந்திய வனத்துறைக்கு அடித்தளமிட்டபோது, தீ மரத்தின் எதிரி என்பது ஐரோப்பியப் பள்ளியில் படித்த பாடம். மத்திய மாகாணத்துப் போரி காட்டில் தீத்தடுப்பு முதலில் சோதிக்கப்பட்டது. பிறகு சட்டங்கள் வந்தன. 1882-ன் சென்னை வனச் சட்டம், காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. மேய்ச்சலுக்குப் புல் எரித்தவர்களும், மலைச்சரிவில் எரித்துச் சாமையும் ராகியும் விதைத்தவர்களும் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள்.

சுவையான திருப்பம் அந்த வனத்துறைக்குள்ளேயே வந்தது. தீயைத் தடுத்த பர்மா காடுகளில் தேக்கின் இளங்கன்றுகள் அருகின. ஈரம் விரும்பும் புதர்களும் மூங்கிலும் தரையை அடைத்துக்கொண்டன. 1896-ல் எச். ஸ்லேட் என்ற வன அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிப் போய்விட்டது என்று ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதினார். விவாதம் சூடு பிடித்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பர்மாவின் பல தேக்குக் காடுகளில் தீத்தடுப்பு தளர்த்தப்பட்டது. இந்தியாவின் சால மரக் காடுகளிலும் முன்பருவ எரிப்பு முறை புகுந்தது. ஆக, ‘சரியான பருவத்தில் சிறு தீ’ என்பது இன்றைக்குச் சூழலியலாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. வனத்துறையின் பழைய ஏடுகளிலேயே இருக்கிறது. விடுதலைக்குப் பின் சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் பெருகியபோது அந்த ஏடுகள் பரண் ஏறின.

சோளகரின் சருகுத் தீ

சத்தியமங்கலம் காட்டை ஒட்டி வடக்கே கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிலிகிரிரங்கன் மலை. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாகத் தமிழ் வாசகருக்கு அறிமுகமான சோளகர்களின் தாய்நிலம் இது. புதர்க்காடு, இலையுதிர்காடு, பசுங்காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும் என 540 சதுர கிலோமீட்டருக்குள் எல்லாம் இருக்கிறது.

இங்கே ‘தரகு பெங்கி’ என்றொரு வழக்கம் இருந்தது. சருகுத் தீ என்று பொருள். கோடை முற்றுவதற்கு முன்பே, ஆண்டின் தொடக்கத்தில், சருகை மட்டும் எரித்துப்போகும் சிறு நெருப்பு. பாதை தெளிவாகும், யானையும் கரடியும் தூரத்திலேயே தெரியும், புதுப்புல் முளைக்கும், தரைக்கிழங்கு தழைக்கும். கோடையின் உச்சத்தில் பெருந்தீ வந்தாலும் எரிய ஒன்றும் மிஞ்சியிருக்காது.

1974-ல் மலை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. எரிப்பும் இடம்மாறும் வேளாண்மையும் நிறுத்தப்பட்டன. சோளகர்கள் ‘போடு’ எனப்படும் நிலையான குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டார்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்று சோளகர் பெரியவர்கள் ஆய்வாளர்களிடம் சொன்னது கவனிக்கத் தக்கது. சருகுத் தீ இருந்தவரை உண்ணிச்செடியின் பொடிக் கன்றுகள் அதில் பொசுங்கிவிடும், புதராக வளர விட்டதில்லை என்றார்கள். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியும் சருகுத் தீயின் சூட்டிலும் புகையிலும் கட்டுக்குள் இருந்தது. தீ நின்றதும் அது மரத்தின் தலையில் ஏறிக்கொண்டது என்றார்கள்.

இதை வெறும் பழங்கதை என்று தள்ளிவிடாமல் அளந்து பார்த்தார்கள். பெங்களூருவின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் பாரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் 1997-ல் பதிவான அதே இடங்களை 2008-ல் மறுபடி அளந்தபோது, உண்ணிச்செடி காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தன. நெல்லியைப் பற்றி இன்னொரு ஆய்வு. சோளகர்கள் காயை அதிகமாகப் பறிப்பதால்தான் நெல்லி அருகுகிறது என்று பேச்சு இருந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் தமாரா டிக்டினும், இங்குள்ள ஆர். கணேசன், சித்தப்பா ஷெட்டி போன்றோரும் ஆண்டுக்கணக்கில் மரம் மரமாகப் பின்தொடர்ந்து 2012-ல் எழுதியது வேறு: காய் பறிப்பைக் காட்டிலும் உண்ணிச்செடியும் புல்லுருவியும்தான் நெல்லிக்குப் பெரிய நெருக்கடி.

நெல்லி எப்படி முளைக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். உதிர்ந்த காயைப் புள்ளிமான் விழுங்கும். நிழலில் படுத்து அசைபோடும்போது கடினமான கொட்டையைத் துப்பிவிடும். மான் படுத்தெழும் இடம் பெரும்பாலும் திறந்த வெளி, வெளிச்சம் உள்ள தரை. நெல்லிக் கன்றுக்கு அதுதான் தேவை. அந்தத் தரையை முள்ளடர்ந்த புதர் மூடிவிட்டால் மானும் வராது, கொட்டையும் விழாது, விழுந்தாலும் வெயில் படாது.

உண்ணிச்செடி எழுதும் புது விதி

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. நிறம் மாறும் பூவும், கொண்டைக்குருவிகள் விரும்பித் தின்னும் கறுத்த பழமும் அதன் மூலதனம். இன்று இந்தியாவில் புலி வாழும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் அது இருக்கிறது என்று இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் 2020-ல் கணக்கிட்டார்கள்.

முற்றிய உண்ணிப் புதருக்குள் குனிந்து பார்த்தால் அதன் தந்திரம் தெரியும். வெளியே பச்சையும் பூவும். உள்ளே ஒன்றோடொன்று பின்னிய காய்ந்த குச்சிகள், தரையில் கிட்டத்தட்ட இருட்டு. புல் ஒரு கற்றைகூட இல்லை. முதுமலை ஆய்வுக்களத்தில் செறிவான புதர்களின் அடியில் சில மர இனங்களின் நாற்றுகள் குறைவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அருகில் உயர்ந்த மரங்கள் நிற்கலாம், விதை கொட்டலாம். ஆனால், அந்த மரங்களுக்கு வாரிசு இல்லை.

இப்போது தீ வந்தால்? முன்பு தரையோடு போன நெருப்பு, காய்ந்த குச்சிகளைப் பற்றிக்கொண்டு மேலேறி மரத்தின் கிளையைத் தொடும். புதரும் எரியும், ஆனால் அடுத்த மழைக்கு அடிவேரிலிருந்து அதுவே முதலில் துளிர்க்கும். தீ காட்டைத் திறந்துவிட, திறந்த இடத்தில் உண்ணிச்செடி நுழைய, அது மேலும் பெரிய தீக்கு விறகாக, சுழற்சி தொடரும் என்றொரு கருதுகோளை ஹிரேமத்தும் சுந்தரமும் 2005-ல் முன்வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. முதுமலையில் தீ அடிக்கடி வந்தது. பிலிகிரிரங்கன் மலையில் சருகுத் தீ நின்றுபோனது. எதிரெதிர் திசையில் போன இரண்டு காடுகளிலும் உண்ணிச்செடிதான் தரையைப் பிடித்தது. உண்ணிச்செடி பரவியதற்குத் தீத்தடை ஒன்றையே காரணமாக்க முடியாது. தீயை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. தொலைந்துபோனது தீயின் ஒழுங்கு. பருவம் அறிந்து, அளவு அறிந்து, இடம் அறிந்து வைக்கப்பட்ட நெருப்பு போய், யாரோ எப்போதோ பற்றவைத்து ஓடிவிடும் நெருப்பு அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

மாடும் சீமாரும்

தீயை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். காட்டின் கீழடுக்கில் மாடும் மனிதரும் உண்டு. மசினகுடியைச் சுற்றிய சீகூர் பீடபூமியில் பல காலமாக மாடு வளர்ப்பதே சாணத்துக்காகத்தான். லாரி லாரியாக அது தோட்டங்களுக்கு உரமாகப் போனது. காட்டில் மேய்ந்த சத்து எல்லாம் தேயிலைக்கும் காப்பிக்கும் கைமாறியது. மாடு புல்லைத் தின்றால் தீக்கு எரிபொருள் குறையும். அதே நேரம், புல்லோடு போட்டியிட முடியாத முட்புதருக்கு இடம் காலியாகும். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர் மலைமாடு வளர்ப்பவர்கள் தங்கள் பட்டிகள் என்னாகும் என்று பதறினார்கள். வாழ்வாதாரம் பற்றிய அந்த வாதம் நியாயமானது. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்: மாடு மேயாத இடத்தில் புல் வளர்ந்து காயும், அதை யார் மேய்வார்கள்? மானும் காட்டெருதும் மேய்ந்து தீர்க்காத புல்லை நெருப்புதான் மேயும்.

இன்னொரு கீழடுக்குவாசி ஈஞ்சு. பேரீச்சையின் குட்டைத் தம்பி. காட்டுச் சரிவுகளில் ஆளுயரத்துக்குக் கீழே நிற்கும். நீலகிரி வட்டாரத்தில் இருளரும் குறும்பரும் இதன் ஓலையை அறுத்துச் சீமாராகக் கட்டி விற்கிறார்கள். லிசா மாண்டிலும் தமாரா டிக்டினும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த ஈஞ்சைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தீ, மேய்ச்சல், ஓலை அறுவடை ஆகிய மூன்றில் எது கெடுக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டால் சரியான விடை கிடைப்பதில்லை. மூன்றும் எந்த விகிதத்தில் எந்த மண்ணில் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே ஈஞ்சு பெருகவோ குறையவோ செய்கிறது என்பது அவர்களின் முடிவு.

அவர்களின் 2013 ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மிதமாகப் பயன்படுத்தப்படும் காடுகளில் மரங்களின் வகை குறைந்து, தரைமட்டச் செடிகளின் வகை கூடியிருந்தது. மொத்தக் கணக்கைப் பார்த்தால் பன்மை குறையவில்லை என்று தோன்றும். ஆனால், வெவ்வேறு இடங்கள் மெல்ல ஒன்றுபோல் ஆகிக்கொண்டிருந்தன. செடிகளை எண்ணினால் மட்டும் போதாது, எந்த அடுக்கில் எந்தச் செடி என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சோலைக்குச் சொன்னால் பொருந்தாது

இதையெல்லாம் படித்துவிட்டு, தீ நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உலர் காட்டுக்குப் பொருந்துவது சோலைக்குப் பொருந்தாது. சோலையின் மரங்களுக்கும் அதன் நிழலில் வாழும் செடிகளுக்கும் தீயைத் தாங்கும் பட்டையோ பழக்கமோ கிடையாது. விளிம்பில் ஒருமுறை எரிந்தால் திரும்பி வரத் தலைமுறைகள் ஆகும்.

அதன் பக்கத்திலேயே இருக்கும் மலைப்புல்வெளியின் கணக்கு வேறு. நீலகிரியின் கரிச்சேற்று மண்ணை ஆராய்ந்து சுகுமாரும் சகாக்களும் 1993-ல் எழுதியபடி, அங்கே புல்லும் காடும் 20,000 ஆண்டுகளாக மாறி மாறி வந்திருக்கின்றன. தோடர்கள் எருமைக்குப் புதுப்புல் வேண்டி அந்தப் புல்வெளியைப் பருவம் பார்த்து எரித்தவர்கள். வெள்ளை அதிகாரிகளின் கண்ணுக்கு அது வெற்று நிலமாகப் பட்டது. 1840-கள் தொட்டு வேலமும் தைலமரமும் நட்டார்கள். இப்போது அந்தச் சீமை வேலத்தை எரித்து ஒழிக்கலாம் என்றால் முடியாது. சூடு பட்டதும் மண்ணில் உறங்கும் அதன் கெட்டி விதைகள் ஓடு வெடித்துக் கூட்டமாக முளைக்கும்.

தீ எவ்வளவு ஆபத்தானது என்பதையும் மறக்கலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். சரிவில் மேல்நோக்கி ஏறும் தீயை மனிதர் ஓடி வெல்ல முடியாது. சிறு தீ என்பது கைத்திறன். காற்றையும் சரிவையும் பனியையும் படிக்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இனி எப்படி?

‘அப்படியானால் தரகு பெங்கியை மறுபடி தொடங்கிவிடலாமே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்ணிச்செடி அடர்ந்த காட்டில் இன்று அதே நெருப்பை வைத்தால் அது பழைய நெருப்பாக இருக்காது. புதரில் ஏறி மரத்தைக் கொளுத்தும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் உண்ணிச்செடி போக வேண்டும். வெட்டிப்போட்டால் துளிர்க்கும், டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு காட்டிய முறைப்படி, மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே வேர்ப்பிடிப்பை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் துளிர்க்காது. பிறகு அந்த இடத்தில் உள்ளூர்ப் புல் பிடிக்க வேண்டும். பறவை எச்சத்தில் மறுபடி முளைக்கும் கன்றுகளைச் சில ஆண்டுகள் விடாமல் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தை மாதத்துச் சருகுத் தீக்கு அங்கே வேலை.

தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. கூடலூர் வட்டாரத்தில் பழங்குடியினர் உண்ணிக் குச்சிகளால் செய்த ஆளுயர யானைகள் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. நல்ல தொடக்கங்கள். ஆனால், அகற்றுவது ஒரு பருவத்து ஒப்பந்த வேலை. மீட்பது பல ஆண்டு வேலை. முன்னதற்கு நிதி ஒதுக்குவது எளிது. பின்னதற்கு ஊரில் நிலையாக இருக்கும் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் காட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. 2011 அக்டோபரில் பிலிகிரிரங்கன் மலையின் 25 கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றன. இந்தியாவில் புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் இந்தச் சட்டம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பின்னும் நடை மெதுவாகத்தான் இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் வறண்ட பருவத் தொடக்கத்தில் வைக்கும் சிறு தீயை அரசே சம்பளம் கொடுத்து ஏற்றுக்கொண்டு, வறண்ட பருவ இறுதிப் பெருந்தீயைக் குறைத்திருக்கிறது. இங்கே அதே அறிவு உள்ளவர்களை ஒன்றிரண்டு மாதம் தீத்தடுப்புக் கூலியாக எடுக்கிறோம். எங்கே, எப்போது எரிக்கலாம் என்று அவர்களிடம் கேட்பதில்லை.

எல்லாக் காட்டிலும் நாளையே தீ மூட்டச் சொல்லவில்லை. உண்ணிச்செடி அகற்றப்பட்ட உலர் காடுகளில் சில நூறு ஏக்கரைத் தேர்ந்து, கிராம சபையும் வனத்துறையும் ஆய்வாளர்களும் கூட்டாகப் பொறுப்பேற்று, எரித்த இடம், எரிக்காத இடம் என்று பிரித்து ஐந்தாறு ஆண்டுகள் பார்க்கலாம். அதற்குச் சட்டத்தில் வழி செய்ய வேண்டும். நல்ல நோக்கத்தோடு வைத்த சிறு தீக்கும் கயவர் வைத்த தீக்கும் ஒரே வழக்கு என்றிருக்கும்வரை எந்த வனச்சரகரும் தீப்பெட்டியைத் தொடமாட்டார்.

செலவே இல்லாத மாற்றமும் ஒன்று உண்டு. தீ விபத்து அறிக்கையில் எரிந்த பரப்பு, நாள், காரணம் எல்லாம் எழுதுகிறோம். அதே இடத்துக்கு அடுத்த மழை முடிந்ததும் ஒருமுறை போய், நாற்று எத்தனை, எந்த இனம், புல் வந்ததா, உண்ணிச்செடி வந்ததா என்று இன்னொரு பக்கமும் எழுதிச் சேர்க்கலாம். பத்து ஆண்டுகள் அந்தப் பக்கம் நிரம்பினால் எந்தத் தீ காட்டைக் கெடுத்தது, எந்தத் தீ காத்தது என்ற வாதத்துக்கு ஒவ்வொரு வனச்சரகமும் தன் கையிலேயே விடை வைத்திருக்கும்.